பாய்க்கு விலை இருக்கிறது, இழைக்கிற நேரத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

இரண்டு கிழமைக்கு முன்னர் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மட்டக்களப்புக்கு வருகிற வெளிநாட்டார் பாசிக்குடாவில் குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கூட்டிப்போனால் காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தார். நான் படுவான்கரை ஊர்களுக்குள் 33 வருடம் சைக்கிளில் கடிதம் கொண்டு திரிந்தவன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கிடைக்கும் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. இந்த வருடம் இன்னொரு நாட்டிலும் சைக்கிளில் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறபடியால் எழுதுகிறேன். கடிதம் நீளும். இடம் போதாவிட்டால் எங்கேயும் வெட்டுங்கள், பாய் இழைக்கிற பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். ஊருக்கு வந்து போகும் அளவுக்கு லீவு இல்லை, நடுவழியில் எங்கேயாவது சந்திப்போம் என்று வியட்நாமுக்கு என்னையும் என் மனிசியையும் அழைத்தாள். விசா எல்லாம் அவளே இணையத்தில் எடுத்துத் தந்தாள். டா நாங் என்ற ஊரில் இறங்கி, தெற்கே முக்கால் மணித்தியாலம் வாகனத்தில் போனால் ஹோய் ஆன் வரும். து போன் என்ற ஆறு கடலோடு சேருமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய துறைமுகப் பட்டினம். 1999இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மஞ்சள் சுவர், ஓட்டு வீடு, தெருவெல்லாம் தொங்குகிற பட்டுத்துணி விளக்கு. அழகுதான். ஆனால் கல்லடிப் பாலத்தில் திருவிழாச் சனம் நின்றால் எப்படி இருக்குமோ அப்படிக் கூட்டம். இரண்டு நாளில் எனக்கு அலுத்துவிட்டது. மனிசி மட்டும், சில வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறின உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுகளும் நம்மளப் போலத்தான்" என்று ஆறுதல்பட்டுக்கொண்டாள். மாரியில் அங்கேயும் ஆறு வீட்டுக்குள் வந்துவிடுமாம்.

மூன்றாம் நாள் இரவு மகள் சொன்னாள், "அப்பா, நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சைக்கிள் ஓடவேணும்."

"33 வருடம் ஓடினது காணாதா?" என்றேன்.

அங்கே இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. காலையில் ஏழு எட்டுப் பேரைச் சேர்த்து, ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்து, வழிகாட்டி ஒருவர் முன்னால் போக, வயல் வழியாக ஊர்களுக்குள் போய், கைத்தொழில் செய்கிற வீடுகளில் நின்று நின்று பார்த்து, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவது. மகள் எவ்வளவு கட்டினாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் நான் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆற்றங்கரையில் ஒரு மரப்படகில் சைக்கிள்களை அடுக்கி ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் குருமண்வெளித் துறைதான் நினைவு வந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே படுகிற பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடத்துகிற மிதவைக்கு எங்கள் ஊரில் பெயர் 'பாதை'. மண்முனையில் 2014இல் பாலம் வந்தபிறகு அங்கே பாதை ஓய்ந்துவிட்டது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் நான் ஏறாத பாதை இல்லை. யுத்த காலத்தில், ஏறுகிற இடத்தில் ஒரு சோதனை, இறங்குகிற இடத்தில் இன்னொரு சோதனை என்று 2007 வரைக்கும் கடிதப் பையை இரண்டு தரப்புக்கும் திறந்து காட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த ஆற்றில் படகில் இருக்கும்போது யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நாங்கள் போனது கம் கிம் என்ற தீவு. இப்போது அதற்கும் பாலம் இருக்கிறது, இருந்தாலும் இவர்கள் படகில்தான் கொண்டுபோகிறார்கள். அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. பாலத்தால் போனால் ஊர் திடீரென்று வந்துவிடும்.

வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், அந்தத் தீவிலேயே பிறந்தவள். போகிற வழியில் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். வயதான மனிசன் என்றால் 'ஓங்', வயதான மனிசி என்றால் 'பா', கொஞ்சம் மூத்தவள் என்றால் 'சீ'. அவர்களுடைய பாஷையில் முன்பின் தெரியாத ஆளையும் தாத்தா, பாட்டி, அக்கா, தம்பி என்று முறைசொல்லித்தான் கூப்பிடவேண்டுமாம். வயது தெரியாவிட்டால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதபடியால் முதலில் வயதைக் கேட்டுவிடுவார்களாம். அவள் மனிசியை 'பா' என்று கூப்பிட, மனிசி "என்ன வா வா என்று சொல்லுது இந்தப் புள்ள" என்று எழும்பி எழும்பிப் போனாள். மனிசிக்குச் சைக்கிள் முடியாது, முழங்கால் நோ. அந்தப் பெண்ணின் மாமன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார்.

எனக்குத் தந்தது கியர் வைத்த சைக்கிள். என் லுமாலா சைக்கிளில் ஒரே ஒரு கியர்தான், அது என் கால். எதையோ மாற்றப்போய்ச் செயின் கழன்றுவிட்டது. வழிகாட்டி கிறுகிப் பார்த்து ஓடிவருவதற்குள் ஒரு ஓலை ஈர்க்கை எடுத்து மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை வரிசையின் கடைசியில் ஓடச் சொன்னாள். விழுகிற ஆட்களைப் பார்க்க ஒருவர் வேண்டுமாம். அவுஸ்திரேலியச் சோடி ஒன்றின் செயினையும் நான்தான் இரண்டு தரம் மாட்டினேன்.

முதலில் நின்றது தச்சர்களிடம். கிம் போங் என்ற அந்த இடத்துத் தச்சர்கள்தான் ஹோய் ஆன் பழைய வீடுகளைக் கட்டியவர்கள், பழைய அரச தலைநகரமான ஹுயேயில் அரண்மனை வேலைக்கும் போனவர்கள் என்று அவள் சொன்னாள். கரையில் மீன்பிடிப் படகு ஒன்று விலா எலும்பு தெரிய நின்றது. அடுத்ததாக அரிசித் தாள் செய்கிற வீடு. ஊறவைத்து அரைத்த அரிசிமாவைக் கஞ்சிப் பதத்தில் கரைத்து, கொதிக்கிற பானையின் வாயில் இழுத்துக் கட்டின துணியில் தோசை ஊற்றுகிறமாதிரி மெல்லிசாகத் தடவி, மூடி, ஆவியில் வெந்ததும் மூங்கில் குச்சியால் சுருட்டித் தூக்கி வெயிலில் தட்டியில் போடுகிறார்கள். மனிசி குச்சியை வாங்கி முதல் தரத்திலேயே கிழியாமல் எடுத்துவிட்டாள். "இடியப்பம் அவிக்கிறவளுக்கு இது என்ன?" என்றாள். சரி, அந்தப் பெருமை அவளுக்கு மூன்று நாள் இருந்தது.

அரிசிச் சாராயம் வடிக்கிற வீட்டைப்பற்றி அதிகம் எழுதவில்லை. சோறாக்கி, ஆறவைத்து, புளிக்கிற மருந்து தூவி, சில நாள் மூடிவைத்து, பிறகு அடுப்பில் வைத்து வடிக்கிறார்கள். மிஞ்சின சக்கை பன்றிக்கு. செய்முறை எங்கள் பகுதியிலும் சில பேருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வீடுகளுக்கு நான் வெளிநாட்டாரைக் கூட்டிப்போனால் பின்னாலேயே பொலிஸ் வரும்.

இனிப் பாய்.

வயலைத் தாண்டி ஒரு சின்ன வீடு. விறாந்தையில் தறி, ஆனால் நம்முடைய மருதமுனைத் தறி மாதிரி உயர்ந்தது அல்ல. நிலத்தோடு ஒட்டி இரண்டு மரத்துக்கு நடுவில் நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு பெண்கள். ஒருத்திக்கு எழுபதுக்கு மேலிருக்கும், மற்றவள் மருமகளாம். மருமகள் பக்கவாட்டில் இருந்து, நீளமான மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு புல்லைக் கொளுவி, நூலுக்குள் ஒரே தள்ளு. புல் மறுகரைக்குப் போனதும் குச்சி வெறுமனே திரும்பி வரும். மாமி நூலெல்லாம் கோர்த்த மரச்சட்டத்தைச் சரித்து இழுத்து டக் என்று அடிப்பாள். சட்டத்தை முன்னால் சரித்தால் ஒரு பாதி நூல் மேலே வரும், பின்னால் சரித்தால் மற்றப் பாதி. குச்சி, டக். குச்சி, டக். நாங்கள் எட்டுப் பேர் போய் நின்றும் அவர்கள் எழும்பவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் பாட்டில் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

மனிசி போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டாள். அவள் குளத்தங்கரை ஊர்க்காரி. தாய் பன் என்கிற குளத்துப் புல்லில் பாய் இழைத்து விற்றுத்தான் மூன்று பெண்களைக் கரைசேர்த்தவர். குளத்தில் இடுப்புத் தண்ணீரில் நின்று தாக்கத்தியால் பன் அறுத்து, கட்டிக் கொண்டுவந்து, வெயிலில் காயவைத்து, சிவப்பும் பச்சையும் சாயத்தில் அவித்து, தறி கிறி ஒன்றும் இல்லாமல் நிலத்தில் இருந்து விரலால் இழைக்கிற பாய். இழைக்க இழைக்க அந்தப் பாயிலேயே நகர்ந்து இருக்கவேண்டும். இவளும் பதினெட்டு வயது வரை இழைத்தவள். அந்தக் கிழவியின் பக்கத்தில் கிடந்த புல்லில் ஒன்றை எடுத்தாள், நகத்தால் கோதினாள், மணந்தாள். "இஞ்ச பாருங்க, நம்மட பன்னுக்கு இது சொந்தம்" என்றாள் என்னிடம். கிழவிக்கு என்ன விளங்கியதோ, டக்கை நிறுத்திவிட்டு மனிசியின் வலதுகைப் பெருவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பன் இழைத்தவர்களின் பெருவிரல் ஓரத்தில் ஒரு காய்ப்பு இருக்கும். ஐம்பது வருடமாகியும் மனிசிக்கு அது முழுக்கப் போகவில்லை. கிழவி தன்னுடைய விரலைக் காட்டினாள். மறுகா இருவரும் சிரித்த சிரிப்பில் வழிகாட்டிப் பெண் மொழிபெயர்க்கிறதை நிறுத்திவிட்டாள்.

சொந்த ஊர்தானா என்று மகள் கேட்டாள். ஓம், ஆனால் சின்ன வயதில் விட்டுவிட்டு ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்தவராம். கிழவி விரலை உயர்த்தித் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டாள். மொழிபெயர்ப்பு வருவதற்கு முதலே மனிசி "ஹெலி" என்றாள். அவர்களுடைய யுத்தம் முடிந்தது 1975இல்.

வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு வரி இழைத்துப் பார்த்தோம், படம் எடுத்தோம், போகப் புறப்பட்டோம். அப்போது இரண்டு விஷயம் கண்டேன். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்த இரண்டுக்காகத்தான்.

ஒன்று, வழிகாட்டிப் பெண் ஐம்பதாயிரம் டொங் தாள் ஒன்றைக் கிழவியின் கையில் கொடுத்து, ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நம்முடைய காசில் ஏறக்குறைய அறுநூறு ரூபா. பெரிய காசு இல்லை. நாங்கள் இன்னும் பாய் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை. மகளை விட்டுக் கேட்டேன், இது எதற்கு என்று. நாங்கள் கட்டின பணத்திலிருந்து, கூட்டம் வருகிற ஒவ்வொரு தரமும், ஆட்கள் பாய் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கொடுக்கிறதாம். "வாங்கினால் அதில்தானே அவர்களுக்கு லாபம்?" என்றேன். அவள் சொன்னதை மகள் இப்படிச் சொன்னாள்: "பாய்க் காசு பாய்க்கு. நாங்கள் அரை மணித்தியாலம் அவர்களுடைய நேரத்தை எடுத்தோம், அது வேறு."

மற்றது, எல்லாரும் சைக்கிள் ஏறினபிறகு கடைசி ஆளாக நான் கிறுகிப் பார்த்தேன். மருமகள் நாங்கள் இழைத்த வரிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டிருந்தாள். கோணலாகப் போன பதினாறு வரி. அதை உருவ ஒரு கால் மணித்தியாலமாவது போயிருக்கும். அந்த அறுநூறு ரூபா எதற்கு என்று எனக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது.

எல்லாம் அங்கே நல்லபடி நடக்கிறது என்று நான் எழுதவரவில்லை. தான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் டக் சத்தம் கேட்குமாம், இப்போது எண்ணிச் சொல்கிற வீடுகள்தான் என்று வழிகாட்டிப் பெண்ணே சொன்னாள். பிளாஸ்டிக் பாய் மலிவு. பிள்ளைகள் ஆற்றுக்கு அக்கரையில் ஹோட்டல் வேலைக்குப் போகிறார்கள். உனக்கு இழைக்கத் தெரியுமா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு நகப்பூச்சுப் போட்ட விரல்களைக் காட்டினாள்.

அடுத்த நாள் எங்களைக் கொண்டுபோன இன்னொரு இடம் எனக்குத் துப்பரவாகப் பிடிக்கவில்லை. கம் தன் என்ற ஊரில், தண்ணீருக்குள் தென்னைமாதிரி ஒரு மரம் அடர்ந்து நிற்கிற இடத்தில், வட்டமான கூடைப் படகு. மூங்கிலைப் பின்னி, மாட்டுச் சாணமும் மரப்பிசின் எண்ணெயும் பூசிச் செய்கிற படகு அது. சாணம் பூசின கூடை கடலில் மிதக்கிறது என்றால் அதைச் செய்தவன் எப்பேர்ப்பட்டவன்! அதை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டியிருந்தால் நான் நாள் முழுக்க இருந்திருப்பேன். ஆனால் காட்டியது, பெட்டியில் பாட்டை அலறவிட்டு ஒரு மனிசன் படகைப் பம்பரமாகச் சுற்ற, சுற்றியிருக்கிற படகுகளில் ஆட்கள் காசை நீட்டுகிற ஆட்டம். ஐம்பது வயது மீனவர் ஒருவர் வேர்க்க வேர்க்கச் சுற்றினார். மனிசி கண்ணை மூடிக்கொண்டாள், தலைசுற்றலில் இல்லை.

தன் ஹாவில் சட்டி பானை செய்கிறவர்களிடமும் போனோம். ஒருத்தி நின்றபடி காலால் சக்கரத்தை உதைத்துச் சுற்ற, மற்றவள் குந்தியிருந்து வனைகிறாள். ஊர் வாசலில் சீட்டு விற்கிறார்கள், திரும்பும்போது ஆளுக்கொரு களிமண் ஊதுகுழல் கிடைத்தது. கீரை, வாசனை இலை பயிரிடுகிற ட்ரா குவே என்ற ஊர் இன்னொன்று. நீர்ப்பாசியை அள்ளிவந்து மண்ணுக்குப் பசளையாகப் போட்டு, தோளில் காவடி மாதிரி இரண்டு பூவாளி தூக்கித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். களுதாவளை வெற்றிலைத் தோட்டத்து மணல் வரம்பில் நிற்கிறேனோ என்று எனக்கு ஒரு நிமிடம் மயக்கம். அந்தக் கீரை ஊரைத்தான் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு 2024இல் உலகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தெரிந்தெடுத்தது. மாளிகை ஒன்றும் கட்டவில்லை ஐயா. கீரைப்பாத்திதான்.

இப்போது நம்முடைய கதைக்கு வருகிறேன். என் பழைய கடிதப் பாதையில் உள்ள ஓர் ஊரில், யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில், ஓர் அமைப்பு 'கைப்பணி நிலையம்' என்று கட்டிடம் ஒன்று கட்டியது. எந்த அமைப்பு, எந்த ஊர் என்று எழுதமாட்டேன். நாடா வெட்டினார்கள், பன் பாயில் பெரியவர்களை இருத்திப் படம் எடுத்தார்கள். பாய் இழைக்கிற பெண்கள் எல்லாரும் வீட்டை விட்டு அங்கே வந்து காலை எட்டு மணியிலிருந்து இழைக்கவேண்டும் என்பது திட்டம். அடுப்பில் உலை வைத்துவிட்டு, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, கிடைக்கிற நேரத்தில் விறாந்தையில் இருந்து இழைக்கிற வேலையை மேசை, மின்விசிறி உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னால் யார் போவார்கள்? ஏழாம் மாதம் பூட்டு விழுந்தது. நான் ஓய்வுபெறும் காலத்தில் அதன் விறாந்தையில் ஆடுகள் படுத்திருக்கும். அந்த விலாசத்துக்கும் கடிதம் வரும். கதவுக்குக் கீழே தள்ளிவிடுவேன், உள்ளே குவிந்து கிடக்கும்.

அதே ஊரில் இன்றைக்கும் விறாந்தைகளில் பாய் இழைக்கிறார்கள். எப்போதாவது வான் ஒன்று வரும். பத்துப்பேர் இறங்குவார்கள், போனைத் தூக்குவார்கள், "இப்படித் திரும்புங்கம்மா" என்பார்கள், இருபது நிமிடத்தில் போய்விடுவார்கள். ஓர் அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "தம்பி, அவங்கள் போன பிறகு நான் கண்ணாடியில் முகம் பார்த்தேன், என்ன அப்படிப் பார்த்தாங்கள் என்று." பாய் வாங்கவில்லை. விமானத்தில் கொண்டுபோக ஏலாது என்பார்கள். அது நியாயம்தான், ஆறடிப் பாயை யார் சுமப்பது? அதனால்தான் சொல்கிறேன், பாய் வாங்குகிறதில் மட்டும் அந்த அம்மாவின் வருமானத்தைக் கட்டிவைக்கக்கூடாது. எடுத்த நேரத்துக்குக் காசு கொடுக்கிற வழக்கத்தை முதல் கூட்டம் வருகிற நாளிலிருந்தே உண்டாக்கவேண்டும். பிறகு உண்டாக்க ஏலாது. இலவசமாகப் பார்த்துப் பழகினவன் காசு கேட்டால் கோபப்படுவான்.

கூட்டிப்போகிறவர் அந்த ஊர்ப் பிள்ளையாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வருகிற வழிகாட்டிக்கு இந்தியன் ஓஷன் எவ்வளவு ஆழம் என்று தெரியும், எந்த வீட்டில் செத்தவீடு என்று தெரியாது. செத்தவீடு நடக்கிற ஒழுங்கைக்குள் எட்டுச் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடிதக்காரனுக்கு அது தெரியும். பால்காரனுக்குத் தெரியும். தொழில் இல்லாமல் கட்டாருக்குப் போகக் காத்திருக்கிற நம்முடைய பெடியன்களுக்கும் தெரியும். அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், சைக்கிளும் இருக்கிறது.

என்ன இருக்கிறது காட்ட என்று கேட்ட அந்த வாசகருக்கு: காலையில் குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூரில் இறங்கினால் முன்னால் முருகன் கோயில். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கோயில், சின்னக் கதிர்காமம் என்று சொல்வோம். அங்கிருந்து வயல் வரம்போடு போனால் எருமைப் பட்டி. கறக்கிற நேரம் தெரிந்து போனால் சட்டியில் தயிர் உறையப்போடுவதைப் பார்க்கலாம், நேற்று உறைந்ததைச் சாப்பிடலாம். பழுகாமத்தில் கூத்துப் பழக்குகிற காலமாக இருந்தால், பெடியன்கள் அண்ணாவியாரிடம் மத்தளச் சொல்லுக்கு அடிவைத்து அடிவாங்குகிறதைக் காணலாம். நடுவில் பாய் இழைக்கிற வீடு இரண்டு. எந்த வீடு என்று கேட்காதீர்கள். எழுதினால் நாளைக்கே வான் வந்து நிற்கும்.

இதில் இடைஞ்சலும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். கார்த்திகையிலிருந்து தை வரை மழையும் வெள்ளமும், வரம்பு தெரியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒன்பது மணிக்குப் பிறகு வெளிநாட்டான் வெந்துபோவான், ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்கவேண்டும். மேற்கே காட்டோரத்துக்குப் போகக்கூடாது, யானை. வழியில் பெண்கள் போகிறதுக்கு ஒழுங்கான கக்கூசு வேண்டும். அந்தக் கைப்பணி நிலையத்தில் நல்ல கக்கூசு இரண்டு கட்டியிருக்கிறார்கள், பூட்டைத் திறந்தால் அதற்காவது உதவும். பெட்டியில் பாட்டுப் போடுகிற எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே கைவிடட்டும்.

பிரதேச சபைக்காரரோ, சுற்றுலாவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரோ இதைப் படித்துவிட்டு, கூட்டம் வைக்கலாம், அறிக்கை எழுதலாம் என்று நினைத்தால் ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கு முதல் ஒருநாள் சைக்கிளில் வாருங்கள். வாகனம் வேண்டாம், வாகனத்திலிருந்து பார்த்தால் விறாந்தை தெரியாது. சனிக்கிழமை காலைகளில் மண்டூர்த் துறையில் பாதை வந்து சேரும்போது நான் அங்கேதான் நிற்பேன். லுமாலாவைப் பார்த்து அடையாளம் காணலாம், பின்னால் கடிதப் பை கட்டின கம்பி இன்னும் கழற்றவில்லை. வரும்போது ஆளுக்கு அறுநூறு ரூபா மாற்றிய காசாகக் கொண்டுவாருங்கள். எனக்கு வேண்டாம், பாய் இழைக்கிற வீட்டுக்கு.

வியட்நாமில் மனிசி வாங்கின சின்னப் பாய் எங்கள் விறாந்தையில் கிடக்கிறது. ஓரத்தை நம்மட ஆட்கள் இதைவிட நன்றாக மடக்குவார்கள் என்று தினமும் சொல்கிறாள். போன கிழமை தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு கட்டுப் பன் கொண்டுவந்து காயப்போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன்,
மண்டூர்.